சும்மா கிடக்கிற உடும்பு பழகிய உடும்பா?

பிப்ரவரி 8 (கேள்வி)

அண்ணா, என்னிடம் ஒரு சவானா உடும்பு (ஆப்பிரிக்கப் புல்வெளி உடும்பு) இருக்கிறது. மூக்கிலிருந்து வால் நுனி வரை மூன்றடி இருக்கும். வந்த புதிதில் சீறும், வாலால் அடிக்கும். தினமும் கையில் எடுத்து, நெளிந்து ஓய்கிற வரை விடாமல் பிடித்து வைத்தேன். இப்போது மடியில் போட்டால் கண்ணை மூடிக்கொண்டு அப்படியே கிடக்கிறது. எலி கொடுக்கிறேன், நன்றாகச் சாப்பிடுகிறது. விடாமல் பிடித்தால் எந்த உடும்பும் பழகிவிடும் என்பது என் அனுபவம். அடுத்ததாக, கூப்பிட்டால் வரும்படி பழக்க ஆசை. எங்கே தொடங்குவது?

பிப்ரவரி 8, இரவு

வரப் பழக்கலாம் தம்பி. அதற்கான புத்தி உடும்புக்கு நிறையவே உண்டு. ஆனால் "கண்ணை மூடிக்கொண்டு அப்படியே கிடக்கிறது" என்ற வரி எனக்கு இடிக்கிறது. பயிற்சிக்கு முன்னால் மூன்று விஷயம் சொல்லுங்கள். அது வெயில் காயும் இடத்தில் தரையின் சூடு எத்தனை டிகிரி? கூண்டில் மண் எத்தனை ஆழம்? வாலடி (வாலின் அடிப்பகுதி) உருண்டு திரண்டு இருக்கிறதா, தொடை இடுக்கில் தோல் பிதுங்குகிறதா?

பிப்ரவரி 9

ஏன் கேட்டேன் என்று சொல்லிவிடுகிறேன். உடும்பு அசையாமல் கிடப்பதற்கு நான் பார்த்த வரையில் காரணம் மூன்று. ஒன்று, உடம்பில் போதிய சூடு ஏறவில்லை. இரண்டு, கொழுப்பு. மூன்று, எதிர்த்துப் பயனில்லை என்று விட்டுவிட்டது. இந்த மூன்றையும் வெளியிலிருந்து பார்த்தால் "அமைதியாகிவிட்டது" என்றுதான் தோன்றும்.

நன்றாக இருக்கிற உடும்பு சும்மா கிடக்கிற பிராணி இல்லை. காலையில் காயும், பிறகு நாளெல்லாம் நடக்கும், தோண்டும், ஒவ்வொரு மூலையிலும் நாக்கை விட்டுப் பார்க்கும். மற்ற பல்லி இனங்கள் ஓடும்போது மூச்சு வாங்கத் திணறும். உடும்பு தொண்டையைப் பம்பு மாதிரி இயக்கிக் காற்றை நுரையீரலுக்குள் தள்ளும். 1999-இல் இதைச் சோதனையில் காட்டினார்கள், அதில் பயன்பட்டதே சவானா உடும்புதான். அதன் நுரையீரலில் காற்று பறவைக்குப் போலப் பெரும்பாலும் ஒரே திசையில் ஓடுகிறது என்று பின்னால் வந்த இன்னொரு ஆய்வு சொன்னது. இப்படி ஓடியாட அமைந்த உடம்பு மடியில் மூட்டையாகக் கிடந்தால் நான் சந்தேகப்படுவேன்.

பிப்ரவரி 9, பிறகு

கண் விஷயம் தனியாகச் சொல்ல வேண்டும். தொடும்போது உங்கள் கை இருக்கும் பக்கத்துக் கண்ணை மட்டும் மூடுகிறதா என்று கவனியுங்கள். தடவிக் கொடுப்பதை ரசிக்கிறது என்று பலர் அதைப் படம் எடுத்துப் போடுகிறார்கள். ரசிக்கிற உடும்பு நாக்கை நீட்டும், தலையைத் திருப்பிப் பார்க்கும். கண்ணை இறுக்கி மூடி, மூச்சை உப்பிப் பிடித்துக்கொண்டு இருப்பது 'இது எப்போது முடியும்' என்று காத்திருப்பது. சவானா உடும்புகளில் சில, பயம் மிஞ்சினால் செத்தது போலவே துவண்டுவிடும். அதை அன்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

பிப்ரவரி 11

பதில் வந்திருக்கிறது: தரைச் சூடு 38, நாலடிக் கண்ணாடித் தொட்டி, வலை மூடி, அடியில் மரச்சீவல் இரண்டு அங்குலம். வாலடி "நல்ல பருமன்".

சரி, பயிற்சியை ஒத்திவைத்துவிட்டு வீட்டைப் பார்ப்போம்.

சூடு: வெயில் காயும் இடத்தில் தரை 50 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும். ஆமாம், ஐம்பதுக்கு மேல். முதல் தடவை கேட்பவர்கள் எல்லாரும் மிரள்வார்கள். சூடான பாறையில் சிறிது நேரம் கிடந்து உடம்பை 36, 37-க்குக் கொண்டுவந்துவிட்டு இறங்கிப் போய்விடும். அந்தச் சூடு கிடைக்காவிட்டால் மணிக்கணக்காக விளக்கடியில் கிடக்கும், தின்றது செரிக்காது. கூண்டின் மறுமுனை 25-ஐ ஒட்டிக் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். இரண்டும் இருந்தால்தான் அது தானே தேர்ந்தெடுக்கும்.

ஒரே பெரிய பல்பு வேண்டாம். அது முதுகில் ஒரு இடத்தை மட்டும் பொசுக்கும், மிச்ச உடம்பு குளிர்ந்தே இருக்கும். குறைந்த வாட்டில் இரண்டு மூன்று ஹாலஜன் விளக்கை வரிசையாக வைத்தால் தோளிலிருந்து இடுப்பு வரை வெளிச்சம் விழும். அளக்க இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் துப்பாக்கி ஒன்று வாங்கிவிடுங்கள். கண்ணாடியில் ஒட்டுகிற வட்ட மானி தரைச் சூட்டைச் சொல்லாது. யூவிபி (புற ஊதாக் கதிர்) விளக்கு தனி, அதை விட்டுவிடாதீர்கள்.

விளக்குக்கு அடியில் பலகைகளை இடைவெளி விட்டு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள். வெளிநாட்டு உடும்பு வளர்ப்பவர்கள் இதை ரெட்டஸ் அடுக்கு என்பார்கள். மேல் பலகை கொதிக்கும், கீழே போகப் போகச் சூடு குறையும். ஒவ்வொரு இடுக்கும் ஒளிவிடம். முதுகும் வயிறும் ஒருசேர உரசுகிற இடுக்குதான் உடும்புக்குப் பிடிக்கும். விசாலமான குகை வாங்கி வைத்தால் எட்டிக்கூடப் பார்க்காது.

மண்: இரண்டு அங்குலத்தில் எதுவும் நடக்காது. மண்ணும் மணலும் கலந்து, ஈரப்படுத்தி, இரண்டடி ஆழம். கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், அப்போதுதான் வளை இடியாது. சவானா என்ற பெயரைக் கேட்டு வறண்ட மிருகம் என்று நினைத்துவிடுகிறார்கள். மேலே புல்வெளி வறண்டிருந்தாலும் அது வெயில் நேரத்தில் இருக்கிற வளைக்குள் ஈரம் உண்டு. மேலே விளக்கும் வலை மூடியும், கீழே மரச்சீவலுமாக வைத்தால் மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக நீர் வற்றும். சிறுநீரகம் கெடும், மூட்டில் யூரிக் அமிலம் படியும். வெளியே தெரிய வரும்போது பெரும்பாலும் நேரம் கடந்திருக்கும்.

வளர்ந்த சவானாவுக்கு எட்டடி நீளம், நாலடி அகலம், நாலடி உயரம் என்பதுதான் குறைந்தபட்சம். கண்ணாடித் தொட்டியாக இந்த அளவு செய்ய முடியாது. பலகையில் அடித்து, உள்ளே நீர் ஊறாத பூச்சு அடித்துக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 12

50–60 என்று எழுதியதை யாரும் காற்றின் வெப்பமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அது விளக்குக்கு நேர் கீழே உள்ள பலகையின் மேற்பரப்புச் சூடு மட்டும்தான். கூண்டு முழுக்க அந்தச் சூடு ஏறினால் உடும்பு செத்துப்போகும். விளக்குக்கும் உடும்புக்கும் நடுவே கம்பிக்கூடு கட்டாயம். எட்டுகிற தூரத்தில் இருந்தால் ஏறிக் கட்டிப்பிடித்துக்கொள்ளும்.

பிப்ரவரி 20

எலி கொடுப்பதாக எழுதியிருந்தீர்கள். "மற்ற உடும்பு எல்லாம் எலி தின்னுதே" என்று இன்னொருவரும் எழுதியிருக்கிறார். நீர் உடும்பு தின்னும், நைல் உடும்பு தின்னும். சவானா காட்டில் வேறு மாதிரி. கானாவில் காட்டு உடும்புகளின் இரையைப் பார்த்தவர்கள் கண்டது சிள்வண்டு, வண்டு, மரவட்டை, நத்தை இந்த வகைதான். நாளெல்லாம் மண்ணைக் கிளறி ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்கிற பிராணிக்கு முழு எலியைத் தட்டில் வைத்தால் உழைப்பே இல்லாமல் கொழுப்பு சேரும். வயிற்றுக்குள்ளே கொழுப்புத் திண்டு, அப்புறம் ஈரல் கோளாறு. நன்றாகப் பார்த்துக்கொண்டால் பத்துப் பதினைந்து வருஷம் இருக்கக்கூடியது பாதியில் போய்விடுகிறது.

எங்கள் வீட்டுச் செம்பி அப்படித்தான் வந்தாள். வளர்த்தவர் இடம் மாறும்போது கொடுத்துவிட்டுப் போனார். எலி மட்டுமே தின்று வளர்ந்தவள். நடந்தால் வயிறு தரையைத் தேய்க்கும், கழுத்தும் தலையும் ஒரே பருமன். "ரொம்பச் சாது, கடிக்கவே மாட்டாள்" என்று சொல்லித்தான் தந்தார். உண்மையில் கடிக்கத் திரும்பவே அவளுக்குச் சிரமமாக இருந்தது. டூபியா கரப்பான், சிள்வண்டு, நத்தை என்று மாற்றி, பூச்சியை மண்ணில் தூவித் தேடித் தின்ன வைத்தோம். இளைக்க இளைக்கச் சீற்றம் திரும்பியது. கூண்டைத் திறந்தால் வாலை வளைத்துக்கொண்டு நிற்பாள். வீட்டில் எல்லாரும் கவலைப்பட்டார்கள், எனக்கு மட்டும் அவ்வளவு சந்தோஷம். வேண்டாம் என்று சொல்வதற்கு உடம்பில் தெம்பு வந்திருக்கிறது என்று அர்த்தம். உண்மையான பழக்கம் அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

பூச்சிக்குக் கால்சியம் பொடி தூவ மறக்காதீர்கள். தோட்டத்தில் பிடிக்கிற பூச்சி வேண்டாம், மருந்து அடித்த செடியில் இருந்ததா என்று நமக்குத் தெரியாது.

மார்ச் 2

பலகைக் கூண்டு தயார், தரைச் சூடு 55, உடும்பு வளை தோண்டிவிட்டது, இப்போது பார்த்தாலே சீறுகிறது, "பழக்கம் எல்லாம் போச்சு அண்ணா" என்று எழுதியிருக்கிறீர்கள். போகவில்லை. இப்போதுதான் தொடங்கலாம்.

முதலில் சில வாரம் தொடவே வேண்டாம். தண்ணீர் மாற்றுங்கள், பூச்சி தூவுங்கள், கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் வேலையைப் பாருங்கள். உடுத்திய பழைய சட்டை ஒன்றை உள்ளே போட்டு வையுங்கள். உடும்பு உங்களைக் கண்ணைவிட நாக்கால்தான் அறியும். பிளந்த நாக்கு மணத் துகளை எடுத்து மேலண்ணத்தில் இருக்கிற ஜேக்கப்சன் உறுப்புக்குக் கொண்டுபோகும். உங்கள் வாசனை தொல்லையில்லாத வாசனையாக ஆக வேண்டும்.

நீங்கள் இருக்கும்போதே அது வெளியே வந்து காய்கிறது என்றால், குச்சியை எடுக்கலாம்.

ஒரு நீளக் குச்சி, நுனியில் பளிச்சென்ற நிறத்தில் ஒரு பந்து. இதுதான் டார்கெட். கூடவே ஒரு 'டக்' சத்தம்: கிளிக்கர் இருந்தால் அது, இல்லாவிட்டால் பேனா மூடி. நன்றாகக் காய்ந்து, செரித்து, பசியோடு இருக்கும் நேரம் பாருங்கள். பந்தை மூக்குக்கு ஓரடி முன்னால் தாழ்வாக நீட்டி அசையாமல் வைத்திருங்கள். துரத்திக்கொண்டு போகக் கூடாது.

செம்பி முதன்முதலாகச் செய்தது கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. முதலில் நாக்கு வேகவேகமாக வெளியே வந்து போனது. பிறகு மெதுவாக, நீளமாக, நுனி இரண்டும் விரிந்து கீழே தொங்க ஒரு தடவை. முன்கால் ஒன்று தரையை விட்டு எழும்பி அப்படியே காற்றில் நின்றது. தொண்டை உப்பவில்லை, விலா தட்டையாகவில்லை. அந்தக் காலை முன்னால் வைத்தாள், நாக்கு நுனி பந்தில் பட்டது. டக். உடனே ஒரு கரப்பான்.

கரப்பானைப் பந்துக்குப் பக்கத்தில் கொடுக்காதீர்கள், இதுதான் முக்கியம். தள்ளி ஒரு தட்டையான கல்லில் வையுங்கள். பந்து கடிக்கிற பொருள் இல்லை, தொட்டால் இரை வேறிடத்தில் வரும் என்று புரிய வேண்டும். அந்தக் கல்லே பின்னால் அதன் 'நிற்குமிடம்' ஆகிவிடும். அதை எடை பார்க்கும் தராசில் வைத்தால் தானே ஏறி நிற்கும், தூக்கிப்போட்டு நிறுக்க வேண்டியதில்லை. கொண்டுபோகிற பெட்டிக்குள் வைத்தால் பெட்டிக்குள் போகும். மருத்துவரிடம் கொண்டுபோகிற நாளில் இதன் அருமை தெரியும்.

நாலைந்து தடவை போதும், சலிப்பதற்கு முன்னால் நிறுத்திவிடுங்கள். வராவிட்டால் அன்றைக்கு வரவில்லை, அவ்வளவுதான். கூண்டை மூடிவிட்டு மறுநாள் பாருங்கள்.

மார்ச் 3

யோசித்துப் பார்த்தேன், இடுக்கி பற்றியும் சொல்லியாக வேண்டும். கையைக் காப்பாற்ற நீளமான இடுக்கியால் ஊட்டச் சொல்வார்கள், நானும் சொல்வேன். ஆனால் கூண்டுக் கதவு திறக்கும்போதெல்லாம் இடுக்கி வந்தால், கதவு திறப்பதே இரைக்கு அடையாளமாகிவிடும். அப்புறம் நீங்கள் தண்ணீர் மாற்றக் கை விட்டாலும் பாயும். அது கோபத்தில் கடிப்பதில்லை, பசியில் பாய்வது. சீறல் இருக்காது, எச்சரிக்கை இருக்காது, அதனால்தான் ஆபத்து. குச்சி வந்தால் மட்டும் இரை, குச்சி வராவிட்டால் இரை இல்லை என்பதை ஒரு நாளும் மாற்றாமல் கடைப்பிடியுங்கள்.

மார்ச் 15

"பல்லிக்கு இவ்வளவு புத்தியா" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். 2008-இல் வந்த ஓர் ஆய்வு: கருந்தொண்டை உடும்புக் குட்டிகள் எட்டு, கதவு வைத்த கண்ணாடி போன்ற குழாய், உள்ளே எலி. முன்பின் பார்த்திராத குழாய். முதல் தடவையே எட்டும் பத்து நிமிஷத்துக்குள் கதவைத் திறந்து தலையை விட்டு இரையை எடுத்துவிட்டன. அடுத்த தடவை இன்னும் வேகம்.

எனக்கு அதைவிடப் பிடித்தது கிராகென். வாஷிங்டன் தேசிய விலங்குக் காட்சிசாலையில் வளர்ந்த, 1992-இல் பொரிந்த பெண் கொமோடோ உடும்பு. இந்தோனேசியாவுக்கு வெளியே முதன்முதலாகப் பொரிந்தவற்றில் ஒன்று. வாளி, காலணி, வளையம் எது கொடுத்தாலும் தள்ளும், தலையை விடும், இழுக்கும். காப்பாளரின் பையிலிருந்து பொருளை நோகாமல் உருவி எடுக்கும். இரையைப் பிடிக்கிற வேகத்தில் இல்லை, மெதுவாக. இதை விளையாட்டு என்றே ஆய்வாளர்கள் எழுதினார்கள். உங்கள் உடும்புக்கும் ஏதாவது கொடுங்கள்: மூடி திறந்து பூச்சி எடுக்கிற டப்பா, இலை நிரப்பிய பெட்டி, உருட்டுகிற கட்டை. கூண்டை வாரம் ஒரு தடவை கொஞ்சம் கலைத்து வையுங்கள்.

மார்ச் 16

"அப்படியானால் நம் மேல் பாசம் வருமா?" என்ற கேள்விக்கு நேற்று இரவெல்லாம் பதில் யோசித்தேன். செம்பி என்னை அறிவாள். வீட்டுக்கு வருகிறவர் கூண்டருகே போனால் உள்ளே போய்விடுவாள், நான் போனால் வெளியே வருவாள். இரைக்காக வருகிறாளா என்று பார்க்க, குச்சி இல்லாமல் பல நாள் சும்மா உட்கார்ந்து பார்த்தேன். அப்போதும் வந்து, முழங்காலில் ஏறி, தோள்வரை போய், அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு இறங்கிப் போகிறாள். நான் அவளுக்கு உயரமான இடமா, நம்பிக்கையான ஆளா, இரண்டுமா? இரண்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இறங்கிப் போக நினைக்கும்போது நான் தடுக்காமல் இருப்பதால்தான் ஏறி வருகிறாள் என்பது மட்டும் உறுதி.

ஏப்ரல் 4

கடி. பல் உள்நோக்கி வளைந்தது, கவ்வினால் விடாமல் மெல்லும். கையை இழுத்தால் கிழியும். இழுக்காமல் உடும்பைத் தரையில் கால் ஊன்ற விடுங்கள், பெரும்பாலும் விட்டுவிடும். காயத்தை நன்றாகக் கழுவி மருத்துவரிடம் காட்டுங்கள். உடும்புக்கு விஷம் உண்டா என்றால், வாயில் விஷச் சுரப்பி இருப்பதாக 2006 முதல் ஆய்வுகள் வந்திருக்கின்றன, அதன் வேலை எவ்வளவு என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் வாதம் நடக்கிறது. வீட்டில் அதைவிடக் கவனிக்க வேண்டியது சால்மோனெல்லா என்ற வயிற்றுநோய்க் கிருமி. தொட்டதும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், சமையலறைத் தொட்டியில் தண்ணீர்ப் பாத்திரத்தைக் கழுவாதீர்கள், சின்னக் குழந்தைகளைத் தள்ளியே வையுங்கள்.

வாலைப் பிடித்துத் தூக்கக் கூடாது. வீட்டுப் பல்லிக்கு அறுந்த வால் முளைக்கும், உடும்புக்கு முளைக்காது.

ஏப்ரல் 19

நீர் உடும்புக் குட்டி வாங்கலாமா என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். வேண்டாம் என்பேன். குச்சிப் பயிற்சியில் அதைப்போல் பிடித்துக்கொள்கிற உடும்பை நான் பார்த்ததில்லை, அதை மறுக்கவில்லை. ஆனால் ஐந்தாறடி வளர்கிற, நீந்தத் தொட்டி வேண்டுகிற பிராணிக்குக் கூண்டு போதாது, ஓர் அறை வேண்டும். நைல் உடும்பும் அப்படியே. அமெரிக்காவில் புளோரிடாவின் கேப் கோரல் நகரத்தில் நைல் உடும்புகள் இன்று காட்டு விலங்காகப் பெருகிக் கிடப்பதற்குக் காரணம், வளர்க்க வாங்கப்பட்டுத் தப்பியதும் விடப்பட்டதும்தான். முதல்முறை வளர்ப்பவருக்கு ஆஸ்திரேலியாவின் ஆக்கி உடும்பு போதும். இரண்டடிதான் வளரும், அதே துறுதுறுப்பு, அதே புத்தி.

காட்டில் பிடித்த உடும்பு எக்காரணம் கொண்டும் வேண்டாம். உடும்பு இனம் முழுவதும், காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தப் பட்டியலில் இருக்கிறது. வங்காள உடும்பும் மஞ்சள் உடும்பும் கொமோடோவும் மிகக் கடுமையான முதல் பட்டியலில். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி உள்நாட்டு உடும்பைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். கூண்டில் பிறந்த வெளிநாட்டு இனமாக இருந்தாலும் தாள்கள் சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் காசு கொடுக்க வேண்டும்.

மே 10

தம்பி எழுதியது படித்து மகிழ்ச்சி. பந்தைத் தொடுகிறது, கல்லில் ஏறி நிற்கிறது, தொடைப் பிதுக்கம் குறைந்திருக்கிறது. "மடியில் மட்டும் உட்கார மாட்டேன் என்கிறது" என்று வருத்தம் தெரிகிறது. பரவாயில்லை. கையை உள்ளங்கை மேலாகக் கல்லின் பக்கத்தில் வைத்து, பந்தைக் கைக்கு அப்பால் காட்டுங்கள். கை மேல் ஏறிக் கடந்து போனால் டக், இரை. ஏறுவதும் இறங்குவதும் அதன் விருப்பமாக இருக்கட்டும்.

ஜூன் 1

"இரண்டு வாரமாகச் சரியாகத் தின்னவில்லை, மண்ணை இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் தோண்டிவிட்டுப் போகிறது, வயிறு மட்டும் உப்பியிருக்கிறது. குச்சியைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை."

இது பயிற்சிப் பிரச்சினை இல்லை தம்பி, உங்களுடையது பெண். ஆண் இல்லாமலே முட்டை கட்டும். கொமோடோவில் ஆண் துணையில்லாமல் குஞ்சு பொரிந்ததையே 2006-இல் இங்கிலாந்தில் உறுதி செய்தார்கள். உங்களுடையது அநேகமாகக் கருவாகாத முட்டையாக இருக்கும், ஆனால் போட்டே ஆக வேண்டும். அங்கங்கே தோண்டிப் பார்ப்பது சரியான இடம் தேடுகிறது என்று அர்த்தம். இடம் பிடிக்காவிட்டால் முட்டையை உள்ளேயே வைத்துக்கொள்ளும், உயிருக்கே ஆபத்து.

இன்றைக்கே மண்ணின் உள்சூட்டை அளந்து பாருங்கள். ஓரடி ஆழத்தில் 30 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும். குறைவாக இருந்தால் மேலே இன்னொரு விளக்கு. காய்ந்திருந்தால் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி அழுத்திவிடுங்கள். மேலே ஒரு கனமான பலகையோ மரத்துண்டோ போடுங்கள், அதன் அடியில் தோண்டுவது அவற்றுக்குப் பிடிக்கும். கூண்டை மூடி, யாரும் எட்டிப் பார்க்காமல் விடுங்கள்.

துவண்டு கிடந்தாலோ, முக்கியும் வராவிட்டாலோ, கண் குழி விழுந்தாலோ காத்திருக்கக் கூடாது. ஊர்வன பார்க்கும் மருத்துவர் எக்ஸ்ரே எடுத்தால் முட்டை தெரியும். முட்டை போட்டு முடித்தால் வாலடி ஒரேயடியாக வற்றியிருக்கும். தண்ணீர் நிறையக் கொடுங்கள், கால்சியம் தூவிய பூச்சி தினமும் கொடுங்கள். குச்சியை எடுத்து வைத்துவிடுங்கள், எடை திரும்பிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.